சின்னவன் பேசறேன்

அம்மா: அந்த நெட் வயரை ஏன்டா பிடுங்கற... விளக்கு எரியுதே, நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருக்கு.

சின்னவன்: ஓடிக்கிட்டு இருக்கறதுதான்ம்மா பிரச்சினையே. அவன் இன்னும் உள்ள உக்காந்திருக்கலாம்.

அம்மா: யாரு?

சின்னவன்: நேத்து உனக்குப் போன் பண்ணானே, கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றேன்னு. அவன்தான்.

அம்மா: போன்ல பேசினவன் எப்படிடா பொட்டிக்குள்ள வந்து உக்காருவான்...

சின்னவன்: நீதானே கதவைத் தொறந்து விட்ட.

அம்மா: ...சரி சரி. மெதுவாப் பேசு. அப்பா எந்திரிச்சிருவாரு.

சின்னவன்: இன்னுமா தூங்கறாரு? வெயில் ஜன்னலுக்கு வந்தாச்சு. விடியறதுக்கு முன்னாடியே எல்லாரையும் எழுப்பி விடற ஆளாச்சே.

அம்மா: இப்பல்லாம் கொஞ்சம் நேரமாகுது. வயசாகுதுல்ல. நீ டீயைக் குடி, ஆறுது.

சின்னவன்: பஸ்ல வரும்போதே பேங்குல பேசிட்டேன். கணக்கை நிறுத்தி வச்சுட்டாங்க.

அம்மா: போனது?

சின்னவன்: போனது போனதுதான். திரும்பி வருமான்னு அவங்களுக்கே தெரியலை.

அம்மா: எல்லாமே போச்சா...

சின்னவன்: டெபாசிட்டை மட்டும் அவனால உடைக்க முடியலை. அதுக்குள்ள நீ எனக்குச் சொல்லிட்ட. உன் கண் ஆபரேஷனுக்கு எடுத்து வச்சிருந்தது போச்சு.

அம்மா: கண்ணு கெடக்கு, விடு. தெரியற வரைக்கும் தெரியட்டும்.

சின்னவன்: அப்படிப் பேசாதம்மா.

அம்மா: வேற எப்படிப் பேசச் சொல்ற?

சின்னவன்: உக்காரு. மொதல்லேருந்து சொல்லு. மத்தியானம் போலீஸ்ல போய்ப் புகார் எழுதணும். அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நான் கேட்டுக்கறேன்.

அம்மா: அதான் நேத்தே சொன்னேனேடா.

சின்னவன்: என்ன சொன்ன? 'ஏதோ அமுக்கிட்டேன்'னு சொன்ன. எதை அமுக்கின?

அம்மா: அதான்... அந்தப் பொத்தானை.

சின்னவன்: எந்தப் பொத்தானை?

அம்மா: பெருசா இருக்குமே.

சின்னவன்: கீபோர்டுலயா, மவுஸ்லயா?

அம்மா: ரெண்டுலயும்தான்.

சின்னவன்: அம்மா... உனக்கு இதை ஆன் பண்ணத் தெரியுமா?

அம்மா: தெரியாம என்ன? தெனமும் தூசி தட்டறது யாரு? நான்தானே.

சின்னவன்: எங்க, ஆன் பண்ற பொத்தானைக் காட்டு.

அம்மா: இதோ.

சின்னவன்: அது சிடி வைக்கற தட்டு.

அம்மா: கண்ணு சரியாத் தெரியலைன்னுதானேடா ஆபரேஷனே.

சின்னவன்: அதைத்தான் நானும் கேக்கறேன். கண்ணு தெரியாதவ, பேங்குலேருந்து செல்போன்ல வந்த நம்பரை எப்படிப் படிச்சு அவன்கிட்ட சொன்ன? ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப வந்திருக்கு.

அம்மா: ...பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன்.

சின்னவன்: எந்தப் பொண்ணு?

அம்மா: அதான்டா, மாடியில துணி காயப்போடுமே... அது.

சின்னவன்: அவங்க வீடு பூட்டிக் கெடக்கு. இப்ப வரும்போது பார்த்தேன். வாசல்ல பேப்பர் எடுக்காம கெடக்கு.

அம்மா: நீ என்ன போலீஸா?

சின்னவன்: போலீஸ் இதைவிடக் கேப்பாங்க.

அம்மா: கேக்கட்டும். நான் சொல்லிக்கறேன்.

சின்னவன்: என்ன சொல்லுவ? அவன் என்ன பேசினான், அதையாவது சொல்லு.

அம்மா: கம்ப்யூட்டர்ல கோளாறு இருக்குன்னான். இப்பவே பார்க்கலைன்னா உள்ள இருக்கற போட்டோவெல்லாம் அழிஞ்சிடும்னான். அக்கா கல்யாணத்துது, உன் சின்ன வயசுது, எல்லாமே.

சின்னவன்: கோளாறுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நம்ம வீட்டு ஃபேன் நின்னு போச்சுன்னா ஃபேன் கம்பெனிக்காரன் தானா போன் பண்ணிக் கேப்பானா?

அம்மா: மாட்டான்.

சின்னவன்: இதுவும் அப்படித்தான்மா. எவனும் தானா கூப்பிட மாட்டான். கூப்பிட்டா அவன் திருடன். அவ்ளோதான் கணக்கு. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்... உன்கிட்ட, அப்பாகிட்ட...

அம்மா: சொன்னேடா. நான்தான் மறந்துட்டேன். இனிமே போன் அடிச்சா எடுக்கவே மாட்டேன், போதுமா?

சின்னவன்: இதுல கொடுமை என்னன்னா, அவன் புதுசா எதையும் போடக்கூட இல்லை. நான் அங்கேருந்து இதைச் சரி பண்றதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு வச்சிருந்தேன்ல, அதையே தொறக்கச் சொல்லி உள்ள வந்திருக்கான். நான் வச்ச ஏணியில ஏறி வந்திருக்கான்.

அம்மா: உன்னை ஏன்டா சொல்லிக்கற...

சின்னவன்: ஆமா, அப்ப அப்பா எங்க இருந்தாரு?

அம்மா: எப்ப?

சின்னவன்: நீ அவன்கூடப் பேசிக்கிட்டு இருந்தப்ப.

அம்மா: அவரு... வெளிய போயிருந்தாரு. நடக்கறதுக்கு.

சின்னவன்: மத்தியான வெயில்லயா?

அம்மா: நிழல் பார்த்துப் போயிருப்பாரு.

சின்னவன்: அவன் மத்தியானம் பூரா லைன்ல இருந்திருக்கான்மா. அவ்ளோ நேரமா நடந்தாரு?

அம்மா: அப்பாவை இதுல இழுக்காதே. அவர்கிட்ட ஒண்ணும் கேக்காதே. சொல்லவும் சொல்லாதே. நான்தான் செஞ்சேன். திட்டறதுன்னா என்னைத் திட்டு, கேட்டுக்கறேன்.

சின்னவன்: யாரு திட்டினது இப்ப? அப்பா வீட்ல இருந்திருந்தா இது நடந்திருக்காதுன்னுதான் சொல்ல வந்தேன். காலம் பூரா மோட்டாருக்குக் காயில் கட்டின மனுஷன். இந்த ஃபேனை வெளியாள் ஒருத்தன் தொட்டிருப்பானா? எலக்ட்ரீஷியன் வந்தாலே வாசலோட அனுப்பிடுவாரு. அவராவது, எவனோ போன்ல சொன்னான்னு...

அம்மா: அதைத்தான் நானும் சொல்றேன். அவரு செய்வாரா? மாட்டாரு. நான்தான்.

அப்பா: யாரு அங்க... யாரு குரலு?

அம்மா: எந்திரிச்சிட்டீங்களா? சின்னவன் வந்திருக்கான், பாருங்க.

அப்பா: சின்னவனா? அட, வந்துட்டியா. ஏன்டா, நேத்து அவ்ளோ நேரம் பேசின. வரேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே.

சின்னவன்: நேத்தா...

அம்மா: முகம் கழுவிட்டு வாங்க. டீ தர்றேன்.

அப்பா: இருடி. நீ சொன்ன மாதிரியே ஒண்ணொண்ணா செஞ்சேன்டா. சரியா வந்துச்சா?

அம்மா: ஏங்க, அப்புறமாப் பேசிக்கலாம்...

அப்பா: அவன் சொல்லட்டும். ஏன்டா முழிக்கற? தப்பாப் பண்ணிட்டேனா? அந்த நம்பர்ல ஒரு தடவை ஆறும் எட்டும் எனக்கு மாறிப் போச்சு. நீகூட, 'பரவாயில்லப்பா, அவசரப்படாம இன்னொரு தடவை படிங்க'ன்ன.

சின்னவன்: ...சரியா வந்துச்சுப்பா.

அப்பா: போட்டோ எல்லாம் இருக்கா?

சின்னவன்: இருக்கு.

அப்பா: அக்கா கல்யாணத்துது?

சின்னவன்: எல்லாமே இருக்கு.

அப்பா: அப்பாடா. போயிடும்னு நீ சொன்னதும் நாற்காலியை விட்டு எந்திரிக்கவே இல்லை. உங்கம்மாகிட்டகூட மூச்சு விடலை. சொல்லாதீங்க, பயந்துடுவாங்கன்னியே.

சின்னவன்: ஆமா... சொன்னேன்.

அப்பா: கதவைச் சாத்திக்கச் சொன்ன, சாத்திக்கிட்டேன். இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, காலையில கூப்பிடறேன்னியே, அது என்னது?

சின்னவன்: அது வேண்டாம்ப்பா. இனிமே போன்ல எதுவுமே வேண்டாம். எதுவா இருந்தாலும் நான் நேர்ல வந்து செய்யறேன்.

அப்பா: எதுக்கு அவ்ளோ தூரம் பஸ்ல அலையணும்? போன்லயே சொல்லு. செய்ய மாட்டேனா? எனக்கு ஒண்ணும் மறக்கலை.

சின்னவன்: தெரியும்ப்பா.

அப்பா: அவ்ளோ பொறுமையா நீ பேசி ரொம்ப நாளாச்சுடா. எப்பவும் 'அதில்லப்பா, அதில்லப்பா'ன்னு கத்துவ. நேத்து ஒரு தடவைகூடக் கத்தலை.

சின்னவன்: ...போய்க் குளிச்சுட்டு வாங்க.

அப்பா: மெலிஞ்சு போயிட்ட. போன்ல கேட்டா சாப்பிட்டேன் சாப்பிட்டேங்கற. முகத்தைப் பார்த்தாத் தெரியாதா?

அம்மா: தண்ணி வெளாவி வச்சிருக்கேன். பார்த்து, வழுக்கும்.

அப்பா: எனக்குத் தெரியாதா, என் வீட்டு பாத்ரூம்... எந்தப் பக்கம்?

அம்மா: எது?

அப்பா: துண்டு. துண்டைக் கேட்டேன்.

அம்மா: கதவுல தொங்குது. இடது கைப் பக்கம். நேராப் போங்க... ஆங், அதுதான்.

சின்னவன்: அம்மா.

அம்மா: இரு. தாழ்ப்பாள் போடாம இருக்காரான்னு பார்த்துட்டு வரேன்.

சின்னவன்: அம்மா, இங்க வா.

அம்மா: ...போடலை. தண்ணி விழுற சத்தம் கேக்குது. இப்பச் சொல்லு.

சின்னவன்: எவ்ளோ நாளா?

அம்மா: எது?

சின்னவன்: போதும்மா.

அம்மா: ...மழைக்கு முன்னாடியிருந்தே. ஒருநாள் காலையில சட்டை மாட்டிக்கிட்டு, பட்டறைக்குப் போறேன்னு கெளம்பினாரு. வெளையாடறாருன்னு நெனச்சேன். பின்னாடியே போனேன். பட்டறை இருந்த எடத்துல இப்ப செருப்புக் கடை. அந்தக் கடைக்காரன்கிட்ட, 'என் சாவியை யாரு உன்கிட்ட குடுத்தது'ன்னு சண்டை போடறாரு. அவன் பாவம், நல்ல மனுஷன். ஒரு ஸ்டூலைப் போட்டு உக்கார வச்சு, தண்ணி குடுத்தான்.

சின்னவன்: ஏன்ம்மா எனக்குச் சொல்லலை?

அம்மா: சொல்லி? அக்கா ஒரு பக்கம் இழுப்பா, நீ ஒரு பக்கம் இழுப்ப. டாக்டர், டெஸ்ட்டுன்னு கூட்டிக்கிட்டு அலைவீங்க. அவருக்குத் தெரிஞ்சிடும்டா. இப்ப அவருக்குத் தெரியாது. தான் நல்லா இருக்கறதாத்தான் நெனச்சுக்கிட்டு இருக்காரு. அதுவாவது இருந்துட்டுப் போகட்டுமே.

சின்னவன்: அப்ப நேத்து நீ வீட்லதான் இருந்த.

அம்மா: வீட்லதான். இதோ, இந்த வாசப்படியில நின்னுக்கிட்டு இருந்தேன்.

சின்னவன்: என்ன கேட்டுச்சு?

அம்மா: இவரு பேசினதுதான் கேட்டுச்சு. போன் அடிச்சது, எடுத்தாரு. 'யாரு... கம்ப்யூட்டரா... என்ன கோளாறு'ன்னாரு. மொறைப்பாத்தான் பேசினாரு. அப்புறம் திடீர்னு 'டேய், சின்னவனா'ன்னாரு.

சின்னவன்: அப்பாவா கேட்டாரா?

அம்மா: இவராத்தான். அவன் கப்புன்னு பிடிச்சுக்கிட்டான் போல. அதுக்கப்புறம் ஒரே சிரிப்புதான். சாப்பிட்டியாங்கறாரு, அங்க குளிராங்கறாரு... நீ பேசறன்னுதான்டா நானும் நெனச்சேன்.

சின்னவன்: நீயுமா...

அம்மா: பின்ன? நீ எப்பவும் அப்படித்தானே. எங்கேயோ உக்காந்துக்கிட்டு, அதைத் தொடுங்க, இதைத் தொடுங்கம்ப. இங்க திரையில அம்பு தானா ஓடும். நேத்தும் ஓடுச்சு. 'பாருடி, சின்னவன் ஓட்டறான்'னு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு. அதுக்கப்புறம்தான் கதவைச் சாத்தினாரு. சரி, அப்பனும் மகனும் ஏதோ பேசிக்கறாங்கன்னு நான் சமையக்கட்டுக்குப் போயிட்டேன். பாத்திரத்தைக்கூட சத்தம் வராம எடுத்து வச்சேன்டா, உங்க பேச்சுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு.

சின்னவன்: எப்பத் தெரிஞ்சுது உனக்கு?

அம்மா: சாயங்காலம் வெளிய வந்து, 'பேங்குல இருந்த பணத்தைச் சின்னவன் பத்திரமான எடத்துல மாத்தி வச்சுட்டான்'னாரு. அப்பவே உனக்குப் பண்ணேன். எடுத்ததும் என்ன கேட்டேன்?

சின்னவன்: மத்தியானம் அப்பாகிட்ட பேசினியான்னு கேட்ட.

அம்மா: இல்லையேன்ன. அந்த ஒரு வார்த்தையோட முடிஞ்சுது. அவரைச் சொல்ல மனசு வரலை. நான்தான் ஏதோ அமுக்கிட்டேன்னு சொல்லிட்டேன்... டேய்.

சின்னவன்: என்ன?

அம்மா: போன் அடிக்குது.

சின்னவன்: தள்ளு, நான் எடுக்கறேன்.

அம்மா: வேண்டாம்டா. அவனா இருந்தா...

சின்னவன்: அவனாத்தான் இருக்கும். தள்ளு.

போன்: அப்பா, எந்திரிச்சிட்டீங்களா? நான் சின்னவன் பேசறேன்.

சின்னவன்: ...

போன்: அப்பா? கேக்குதா? சாப்பிட்டீங்களா? நேத்துப் பாதியில விட்டோம்ல, அதை முடிச்சிடலாம். கம்ப்யூட்டரை ஆன் பண்ணிட்டு, கதவைச் சாத்திக்குங்க.

சின்னவன்: யாரு?

போன்: நான்தான்ப்பா, சின்னவன். குரல் தெரியலையா?

சின்னவன்: தெரியலை.

போன்: ...யாரு பேசறது?

சின்னவன்: நீ பேச ஆரம்பிச்சதுமே உனக்குத் தெரிஞ்சிருக்கும். அவருக்கு உடம்பு சரியில்லைன்னு. தெரிஞ்சும் கதவைச் சாத்தச் சொன்னியா... ஹலோ. ஹலோ.

அம்மா: என்னடா? என்ன சொன்னான்?

சின்னவன்: வச்சுட்டான்.

அம்மா: குரல் உன்னது மாதிரியா இருக்கு?

சின்னவன்: இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

அம்மா: எப்படிக் கூப்பிட்டான்?

சின்னவன்: அப்பான்னுதான். நம்ம வீட்ல பொறந்தவன் மாதிரி.

அம்மா: நாசமாப் போறவன்... அவனுக்கும் வீட்ல ஒரு அப்பன் இருப்பான்ல.

சின்னவன்: கேளும்மா. இந்த வீட்டு போன் நம்பரை இன்னைக்கே மாத்திடறேன். புது நம்பர் நமக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும். கம்ப்யூட்டரை நான் எடுத்துட்டுப் போய்ச் சுத்தமாத் தொடைச்சு, நெட் இல்லாமக் கொண்டு வந்து வைக்கறேன். போட்டோ மட்டும் பார்க்கட்டும். பேங்குல இனிமே எனக்குத் தெரியாம எதுவும் நகரக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துடலாம். அப்பாவோட செல்போனை உன் இடுப்புல வச்சுக்கோ.

அம்மா: அவரு கேப்பாரு.

சின்னவன்: ரிப்பேர்னு சொல்லு.

அம்மா: அது சரி. இந்தப் போன் பக்கத்துல நாற்காலியைப் போட்டுக்கிட்டு உக்காருவாரே, அதுக்கு என்ன சொல்ல? கூப்பிடறேன்னு சொல்லியிருக்கான். காத்துக்கிட்டு இருப்பாரு.

சின்னவன்: ம்.

அம்மா: நீ கூப்பிடு. தெனமும் கூப்பிடு. கம்ப்யூட்டர் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என்ன சாப்பிட்டீங்கன்னு கேளு, போதும்.

சின்னவன்: பார்க்கறேன்.

அம்மா: என்ன பார்க்கறேன்? உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. வாராவாரம் தவறாம அவருக்குப் பண்ணிக்கிட்டு இருந்தவன்தான் நீ. கொஞ்ச நாளா என் செல்லுக்கு மட்டும் பண்ற, அப்பாகிட்ட குடுக்கறேன்னா அப்புறம்ங்கற. அவரு எவ்ளோ ஏங்கிப் போனாருன்னு உனக்குத் தெரியுமா? நீ ஒழுங்காப் பேசிக்கிட்டு இருந்தா, எவனோ ஒருத்தன் குரலைப் போய் இவரு பிடிச்சுக்குவாரா?

சின்னவன்: கிடங்குல வேலை அதிகம்மா. குளிர் அறைக்குள்ள போன் எடுக்காது.

அம்மா: நாள் பூராவா குளிர் அறையிலயே இருக்க?

சின்னவன்: விடேன்.

அம்மா: விடமாட்டேன். நான் இத்தனை நாள் மூடி வச்சதையெல்லாம் உன்கிட்ட கொட்டிட்டேன்ல. நீயும் சொல்லு. பெத்த அப்பனுக்கு ஒரு போன் பண்ண முடியாம என்னடா வேலை? தண்ணி நிக்கப் போகுது, சீக்கிரம் சொல்லு.

சின்னவன்: பண்ணேன்ம்மா. இதே போனுக்குத்தான் பண்ணேன், நீ மாடிக்கோ கடைக்கோ போயிருந்த நேரத்துல. 'அப்பா, நான் சின்னவன்'னேன். 'என் பையன் குரல் எனக்குத் தெரியாதா, யாருகிட்ட ஏமாத்தற'ன்னு வச்சுட்டாரு. மொத தடவை எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு, நான் சொன்னதை இவ்ளோ கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரேன்னு. மறுபடி பண்ணேன். வாய்க்கு வந்தபடி திட்டினாரு. கடைசியாப் பண்ணப்ப அழுதுட்டாரும்மா... 'நாங்க வயசானவங்க, பையன் தூரத்துல இருக்கான், எங்களை விட்டுடுங்கய்யா'ன்னு என்கிட்டயே கெஞ்சினாரு. அதோட நிறுத்திட்டேன். அப்பாவுக்கு இப்படின்னு உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரிஞ்சா நீ தாங்க மாட்டன்னு, நானும் சொல்லலை.